லூலுவும் மரிட்சாவும் ஒரே குரலில்: அன்னெலீசே ரோத்தன்பெர்கர்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: அன்னெலீசே ரோத்தன்பெர்கர் என்ற பெயரைத் தேடினால் ஓரிடத்தில் எழுபதுகளின் ஜெர்மன் தொலைக்காட்சியில் நீண்ட கவுன் அணிந்து ஓபரெட்டா என்ற, வசனமும் பாட்டும் கலந்த லேசான இசைநாடகப் பாட்டுகள் பாடிய பெண்மணி வருகிறார், இன்னோரிடத்தில் ஆல்பன் பெர்கின் நவீன ஓபராவான 'லூலு'வைப் பாடிய கலைஞர் வருகிறார். இருவரும் ஒருவர்தானா? ஒருவர்தான் என்றால், நல்ல குரலைச் சில்லறைப் பாட்டுகளில் செலவழித்துவிட்டாரா?

ஒருவர்தான். செலவழித்துவிடவில்லை என்பது என் கருத்து. அவரை லூலு ஆக்கிய திறமையும் ஓபரெட்டா அரசி ஆக்கிய திறமையும் ஒன்றே என்றுகூடச் சொல்வேன். அதற்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும்.

பிறந்தது மான்ஹைம் நகரில், ஜூன் 19 அன்று. வருடத்தைப் பற்றித்தான் தகராறு. பல குறிப்பு நூல்கள் 1924 என்று அச்சிட்டன. இன்று 1919 என்ற கணக்கே பரவலாக ஏற்கப்படுகிறது. சொப்ரானோக்களின், அதாவது உச்சக் குரல் பாடகிகளின், பிறந்த வருடத்தைக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து நம்புகிறவர்கள் நல்ல மனிதர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். சொந்த ஊரிலேயே பாட்டுப் பயின்று, போர் நடந்துகொண்டிருந்தபோது கோப்ளென்ஸ் நகர அரங்கில் மேடையேறினார். அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் நாடக, இசை அரங்குகள் அனைத்தையும் அரசு இழுத்து மூடியது.

அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் ஹாம்பர்க். 1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் அந்த நகரத்து ஓபரா அரங்கில் பார்வையாளர் கூடம் முழுவதும் அழிந்தது. தீயைத் தடுக்கும் இரும்புத் திரை இறங்கியிருந்ததால் மேடைப் பகுதி மட்டும் தப்பியது. 1946 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது அந்த மேடையையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஏறக்குறைய 600 நாற்காலிகளைப் போட்டு, மறு பாதியில் மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' நடத்தினார்கள். அந்த ஆண்டுதான் ரோத்தன்பெர்கர் அங்கே சேர்ந்தார். இயக்குநராக வந்தவர் குந்தர் ரென்னெர்ட். பாடகர்கள் நடிக்கவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். மேடையும் பார்வையாளர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்த அரங்கில் கையை விரித்து நின்று பாடுவது செல்லாது. கண் இமைப்பதும் தெரியும். புதிய கட்டடம் 1955 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. ரோத்தன்பெர்கர் தன் தொழிலைக் கற்ற தொடக்க ஆண்டுகள் இந்த நெருக்கத்தில் கழிந்தன. பிற்காலத்தில் தொலைக்காட்சிக் கேமரா முகத்துக்கு அருகில் வந்தபோது அவர் கூச்சப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெர்மன் மொழி நாடுகளின் அரங்கு முறை நமக்குப் பழக்கமில்லாதது. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய நகரமும் பொதுப்பணத்தில் ஒரு அரங்கை வைத்திருக்கும். அந்த அரங்கு பாடகர்களை ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்த்தும். ஒப்பந்தம் குரல் வகையை வைத்துப் போடப்படும். லேசான, துடிப்பான சொப்ரானோ என்றால் 'சுப்ரெட்' வகை: பணிப்பெண், தோழி, துடுக்கான தங்கை ஆகிய பாத்திரங்கள். இன்னும் மேலே ஏறி வேகமான சங்கதிகளைப் பாட முடிந்தால் 'லிரிக் கொலராத்துரா'. கனமான குரல்களுக்கு வாக்னர் நாயகிகள். இந்த வகைப்பாட்டில் கவனிக்க வேண்டியது, ஓபரெட்டாவுக்கென்று தனிப் பாடகர் கூட்டம் எல்லா ஊர்களிலும் கிடையாது. ஒரே குழுவே செவ்வாய்க்கிழமை மொசார்ட்டையும் சனிக்கிழமை யோஹான் ஸ்ட்ராஸையும் பாடும். சுப்ரெட் பாடகிக்கு இரண்டிலும் வேலை உண்டு. ஆகவே ரோத்தன்பெர்கர் ஓபராவிலிருந்து ஓபரெட்டாவுக்கு 'இறங்கினார்' என்று சொல்வது அந்த ஊர் வழக்கத்தை அறியாத பேச்சு.

அவர் குரல் சிறியது. வெள்ளி நிறம், மெல்லிய அதிர்வு, மேல்ஸ்தாயியில் நூல் போல நிற்கும் தன்மை. கீழே போகப் போகக் குரலின் கனம் குறைந்துவிடும். இந்தக் குரலுக்கென்றே எழுதியதுபோல ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இரண்டு பாத்திரங்களைப் படைத்து வைத்திருந்தார்: 'ரோசன்காவலியர்' ஓபராவின் சோஃபி, 'அரபெல்லா'வின் ஸ்டெங்கா. ஸ்டெங்கா பெற்றோரின் பண நெருக்கடியால் ஆண்பிள்ளை வேடத்தில் வளர்க்கப்படும் தங்கை. 1960 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ரோத்தன்பெர்கர் அறிமுகமானது இந்த வேடத்தில்தான். 1963இல் மியூனிக்கில் யோசஃப் கைல்பெர்த் இசைக்குழுவை நடத்திய 'அரபெல்லா' நேரடியாகப் பதிவாகியிருக்கிறது. அக்காவாக லீசா தெல்லா காசா, தங்கையாக ரோத்தன்பெர்கர். முதல் அங்கத்தில் அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடும் பகுதியைக் கேளுங்கள். எந்தக் குரல் எங்கே முடிகிறது, எது தொடங்குகிறது என்று சில நொடிகள் குழம்பும்.

சோஃபியைப் பார்க்கவே முடியும். 1960இல் சால்ஸ்பர்க்கின் புதிய பெரிய விழா அரங்கில் கராயன் நடத்திய 'ரோசன்காவலியர்' நிகழ்வை பால் சின்னர் திரைப்படமாக எடுத்தார். எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப், சேனா யூரினாட்ஸ், ஓட்டோ எடெல்மன் ஆகியோரோடு சோஃபியாக ரோத்தன்பெர்கர். நிச்சயதார்த்த அடையாளமாக வரும் வெள்ளி ரோஜாவைக் கையில் வாங்கும் காட்சியில், அதன் வாசனையை வியந்து சோஃபி மேலேறும் வரி இருக்கிறது. உரக்கப் பாடிவிட்டால் எளிது. மென்மையாக, மூச்சு தெரியாமல், அதிசயம் குறையாமல் பாடுவதுதான் கடினம். அவர் முகம் அப்போது எந்தச் சிரமத்தையும் காட்டவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பூவை முகர்கிறாள், அவ்வளவே தெரிகிறது. பாடியவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு படம் உண்டு. மைக்கேல் பவல், எமெரிக் பிரெஸ்பர்கர் என்ற பிரிட்டிஷ் இணை யோஹான் ஸ்ட்ராஸின் 'டீ ஃப்ளெடர்மௌஸ்' ஓபரெட்டாவை நான்கு வல்லரசுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த வியன்னாவுக்கு மாற்றி, 1955இல் 'ஓ ரோசலிண்டா' என்று எடுத்தார்கள். அதில் பலருக்குக் குரல் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். நடித்தவரே பாடியவர்களில் ரோத்தன்பெர்கர் ஒருவர். வேடம், எஜமானியின் கவுனைத் திருடிப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகும் பணிப்பெண் அடேலெ. படம் ஓடவில்லை. ஆனால் அவரைப் பார்த்தால் பிற்காலத்து வாழ்க்கை முழுவதும் அங்கேயே விதைபோட்டிருப்பது தெரியும்: பேசிக்கொண்டே இருந்து, பேச்சின் வேகம் கெடாமல் பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். தையல் தெரிவதில்லை.

இந்தத் தையலைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓபராவில் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை இசைக்குழு தாங்கிப் பிடிக்கும். ஓபரெட்டாவில் பாதி நேரம் வசனம். பேசும்போது தொண்டை ஒரு இடத்தில் இருக்கும், பாடும்போது வேறு இடத்தில். வசனத்தில் கத்திவிட்டால் அடுத்த பாட்டின் முதல் வரி கரகரக்கும். குரலைக் காப்பாற்ற மெல்லப் பேசினால் நகைச்சுவை செத்துவிடும். பாட்டுக்குள்ளும் வார்த்தை தெளிவாக விழ வேண்டும், ஏனென்றால் வேடிக்கை அதில்தான் இருக்கிறது. பெரிய ஓபரா நட்சத்திரங்கள் பலர் ஓபரெட்டாவில் கனத்துப்போய் நிற்பது இதனால்தான்.

இப்போது 'லூலு'வுக்கு வாருங்கள். பெர்க் 1935இல் இறந்தபோது மூன்றாம் அங்கத்தின் வாத்திய அமைப்பு முடிந்திருக்கவில்லை. அவருடைய மனைவி அதை வேறொருவர் நிறைவுசெய்ய இடம் தரவில்லை. 1979இல் பாரிஸில் முழு வடிவம் அரங்கேறும் வரை உலகம் கேட்டதெல்லாம் இரண்டு அங்கங்களும் சில துணுக்குகளும்தான். ரோத்தன்பெர்கர் பாடியதும் அந்த வடிவமே. லூலு, ஆண்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆசையை ஏற்றிவைக்கும் பெண், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெயரில் தெரிகிறவள், கடைசியில் லண்டனில் கொலைகாரன் கையில் சாகிறவள். பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரண்டு சுர முறையில் எழுதிய இசை. கேட்கவே பயமாக இருக்கும் மேல்ஸ்தாயித் தாவல்கள். ஆனால் அந்த ஓபராவைப் பாடியவர்களிடம் கேட்டால் தாவல்களைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார்கள். பெர்க் குரலைப் படிப்படியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்: வெறும் பேச்சு, தாளத்துக்குக் கட்டுப்பட்ட பேச்சு, சுரத்தைத் தொட்டுவிட்டு நழுவும் பேச்சு, அரைப் பாட்டு, முழுப் பாட்டு. ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். லூலு நடனக்காரி வேறு. முதல் அங்கத்தின் ஒரு காட்சி அரங்கின் ஒப்பனை அறையில் நடக்கிறது, திரைக்குப் பின்னால் ஜாஸ் குழு வாசித்துக்கொண்டிருக்கும்.

பேச்சிலிருந்து பாட்டுக்குத் தையல் தெரியாமல் போவது, லேசான குரலில் மேல்ஸ்தாயி, வார்த்தைத் தெளிவு, மேடையில் நடமாடும் உடல். இது யாருடைய கைச்சரக்கு? அடேலெயுடையது. 1968இல் ஹாம்பர்க் ஓபராவில் லெயோபோல்ட் லூட்விக் நடத்திய பதிவில் லூலுவை மணக்கும் டாக்டர் ஷோனாக டோனி பிளாங்கன்ஹைம், லூலுவாக ரோத்தன்பெர்கர். லூலுவை நச்சுப்பாம்பாகப் பாடுகிறவர்கள் உண்டு. இவர் அப்படிச் செய்யவில்லை. ஓபரெட்டா நாயகியின் அதே குறும்பும் அதே இனிமையும் இருக்கின்றன. சுற்றியிருப்பவர்கள் செத்து விழும்போதும் அந்த இனிமை மாறாததுதான் திகில். பின்னால் வந்த சில லூலுக்கள் சுரச் சுத்தத்தில் இவரை மிஞ்சலாம். இந்த அப்பாவித்தனமான குளிர்ச்சியை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

புதிய இசைக்கு அவர் அஞ்சியதே இல்லை. ரோல்ஃப் லீபர்மனின் 'பெனலோபி' 1954இலும் 'பெண்களின் பள்ளி' ஜெர்மன் வடிவில் 1957இலும் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது இரண்டிலும் பாடினார். நடத்தியவர் ஜார்ஜ் செல். இரண்டாவதில் ரோத்தன்பெர்கருக்கு ஜோடியாகப் பாடியவர் டெனர், அதாவது ஆண் உச்சக் குரல் பாடகர், நிக்கொலாய் கெட்டா. ஹைன்ரிக் சூட்டர்மைஸ்டரின் 'மதாம் பொவாரி' 1967இல் சூரிக்கில் முதன்முதலாக மேடையேறியபோது தலைப்புப் பாத்திரம் அவருடையது. இந்தப் பட்டியல் 'தொலைக்காட்சிப் பாடகி' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களின் கண்ணில் படுவதில்லை.

மொசார்ட்டையும் மறந்துவிடக் கூடாது. 1965 சால்ஸ்பர்க்கில் ஜார்ஜோ ஸ்ட்ரேலர் இயக்கி, இளம் ஸூபின் மேத்தா நடத்திய 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்' நேரடிப் பதிவில் அவர் நாயகி கான்ஸ்டான்ட்சே, காதலனாக ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வுண்டர்லிஷ் மாடிப்படியில் விழுந்து 35 வயதில் இறந்துபோனார். 1966இல் யோசஃப் கிரிப்ஸ் நடத்திய ஸ்டுடியோப் பதிவில் அதே பாத்திரத்தை கெட்டாவுடன் பாடினார். பணிப்பெண் பிளோண்டெயாக லூசியா பாப். நேர்மையாகச் சொன்னால், சித்திரவதைக்கும் அஞ்சேன் என்று நாயகி முழங்கும் அந்தப் பெரிய ஆரியாவுக்கு (தனிப்பாட்டுக்கு) ரோத்தன்பெர்கரின் குரல் போதாது. சோகமான ஆரியாவில் அவரை வெல்வது கடினம்.

சரி, ஓபரெட்டா. கொலோனைத் தலைமையிடமாகக் கொண்ட எலெக்ட்ரோலா நிறுவனம் அறுபதுகளின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக ஓபரெட்டாக்களை வசனத்தோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தது. பெரும்பாலும் கெட்டாவும் ரோத்தன்பெர்கரும் ஜோடி. பலவற்றில் மியூனிக்கின் கிராவுங்கெ இசைக்குழு, நடத்தியவர் வில்லி மாட்டெஸ். லேஹாரின் 'புன்னகை நாடு', கால்மானின் 'சார்டாஷ் இளவரசி', 'கோமகள் மரிட்சா', யோஹான் ஸ்ட்ராஸின் 'வெனிஸில் ஓர் இரவு', 'வியன்னா ரத்தம்' எல்லாம் இந்த வரிசையில் வந்தன. 1971இல் வில்லி பொஸ்கோவ்ஸ்கி நடத்திய 'ஃப்ளெடர்மௌஸ்' பதிவில் முன்னாள் பணிப்பெண் எஜமானி ஆகிவிட்டார்: அடேலெ ரெனாத்தெ ஹோல்ம், ரோசலிண்டெ ரோத்தன்பெர்கர். அதில் ரோசலிண்டெ ஹங்கேரியக் கோமகளாக வேடமிட்டுப் பாடும் சார்டாஷ் என்ற ஹங்கேரிய நடனப் பாட்டு இருக்கிறது. கீழே நெஞ்சுக் குரலிலிருந்து உச்சி வரை ஓடும். கீழ்ப்பகுதியில் அவர் ஒப்பேற்றுகிறார். ஆனால் வேடமிட்ட மனைவி தன் கணவனின் கடிகாரத்தைக் கறக்கும் இருகுரல் பாட்டில், ஒவ்வொரு சொல்லிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது காதில் கேட்கும்.

இதையெல்லாம் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃபும் செய்தார் என்பதை நினைவுபடுத்துகிறேன். 1953இல் லண்டனில் ஓட்டோ ஆக்கர்மன் நடத்த, அதே கெட்டாவோடு 'களிப்பான விதவை'யும் 'புன்னகை நாடு'ம் பதிவு செய்தார். அவரைத் திறமையை வீணடித்தவர் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிவுகள் செவ்வியல் தரம் என்று கொண்டாடப்படுகின்றன. வேறுபாடு எங்கே? ஷ்வார்ட்ஸ்கோஃப் இசைத்தட்டோடு நிறுத்திக்கொண்டார். ரோத்தன்பெர்கர் வரவேற்பறைக்குள் வந்துவிட்டார்.

ஜெர்மனியில் 'தீவிர இசை', 'பொழுதுபோக்கு இசை' என்ற பிரிவு வெறும் ரசனை விவகாரம் அல்ல. இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை பங்கிடும் கெமா அமைப்புகூட நெடுங்காலம் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தது. அந்தக் கோட்டை ஒருவர் இசைத்தட்டில் தாண்டினால் மன்னிப்பு உண்டு. எழுபதுகளில் ரோத்தன்பெர்கர் தாண்டிய இடம் மிகப் பெரியது. 1984 வரை மேற்கு ஜெர்மனியில் தனியார் தொலைக்காட்சி கிடையாது. நாடு முழுவதும் தெரிந்தவை இரண்டு அலைவரிசைகள்தாம். இரண்டாவதான ட்செட் டி எஃப்பில் அவர் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். தானும் பாடுவார், விருந்தினர்களையும் அழைப்பார், இளம் பாடகர்களை அறிமுகப்படுத்துவார். இரவு உணவை முடித்துவிட்டு உட்காரும் குடும்பத்துக்கு வேறு தேர்வு அதிகம் இல்லை. இப்படி, ஓபரா அரங்கின் வாசலையே மிதித்திராத லட்சக்கணக்கானவர்களுக்கு 'சொப்ரானோ' என்றால் அவர் முகம் என்று ஆகிவிட்டது. விமர்சகர்கள் சிலர் மன்னிக்காதது இதைத்தான்.

அந்தக் காலத்து ஓபரெட்டா மீது நியாயமான குறை ஒன்று உண்டு, அது வேறு. 'கோமகள் மரிட்சா'வை இயற்றிய எம்மெரிச் கால்மான் யூதர். 1938இல் ஆஸ்திரியாவை விட்டு ஓட நேர்ந்தவர். 'புன்னகை நாடு' 1929இல் பெர்லினில் புது வடிவம் பெற்றபோது அதன் பாடல்களில் கைவைத்த ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா, 1942 டிசம்பரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். பெர்லின் ஓபரெட்டாவின் கடைசி பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான கிட்டா ஆல்பார் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். இருபதுகளில் இந்த இசையில் ஜாஸ் இருந்தது, கிண்டல் இருந்தது, கொஞ்சம் விரசமும் இருந்தது. போருக்குப் பின் அதைத் தேனில் ஊறவைத்து, வயலின்களைக் கூட்டி, தாளத்தை இளக்கி, பழைய நல்ல காலத்தின் நினைவாகப் பரிமாறினார்கள். எழுதியவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பேச்சு எழவில்லை. எலெக்ட்ரோலாத் தட்டுகளும் அந்தத் தேனில் ஊறியவைதாம். பிற்காலத்தில் இயக்குநர் பேரி கோஸ்கி பெர்லின் கோமிஷெ ஓபர் அரங்கில் பால் ஆப்ரகாமின் 'சவாயில் நடனம்' போன்றவற்றை அவற்றின் கூர்மையோடு மேடையேற்றியபோதுதான் இழந்தது எவ்வளவு என்று பலருக்கு உறைத்தது. ஆனால் இந்தக் குறையை ஒரு பாடகியின் தலையில் கட்ட முடியாது. அது ஒரு நாட்டின் மறதி. அந்தத் தேனுக்குள்ளும் ரோத்தன்பெர்கரின் உச்சரிப்பு கூராகவே இருந்தது என்பது என் காதின் சாட்சி.

மிச்சத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1954இல் பத்திரிகையாளர் கெர்ட் டீபெரிட்ஸை மணந்தார்; அவரே பின்னர் மேலாளரானார். 1983இல் ஓபரா மேடையை விட்டு விலகினார். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் சுவிட்சர்லாந்தின் சாலன்ஸ்டைனில் வாழ்ந்தார், ஓவியம் தீட்டினார், யுனிசெஃபுக்காகப் பணியாற்றினார். 2010 மே 24 அன்று அருகிலுள்ள மூன்ஸ்டர்லிங்கனில் காலமானார்.

எதிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். முழு ஓபராவையும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் சின்னரின் படத்தில் வெள்ளி ரோஜாக் காட்சி. பிறகு க்ளூய்ட்டன்ஸ் 1964இல் நடத்திய 'ஹென்சலும் கிரெட்டலும்' என்ற தேவதைக்கதை ஓபரா. இர்ம்கார்ட் ஸீஃப்ரீட் அண்ணன், இவர் தங்கை, இரண்டு பேரும் அடிக்கும் கொட்டத்துக்கு மொழி தெரியத் தேவையில்லை. அதன்பின் 'மரிட்சா'. 'லூலு'வைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் இரண்டாம் அங்கத்தில் வரும் லூலுவின் தனிப்பாட்டை மட்டும் கேளுங்கள். சில நிமிடங்கள்தான். உன்னையே சுட்டுக்கொள் என்று மிரட்டும் கணவனிடம், 'நான் இன்னதென்று காட்டிக்கொண்டதைத் தவிர வேறாக இருந்ததே இல்லை' என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அந்தப் பாட்டு பிடித்துவிட்டால் முழுப் பதிவையும் தொடக்கத்திலிருந்து போடலாம். பிடிக்காவிட்டால் 'மரிட்சா'வுக்கே திரும்பிப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.